என் அம்மாவைச் சூனியக்காரி ஆக்கியவர்

எனக்கு எளிதில் குமட்டாது. ஹார்ல்டன் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறேன். பிள்ளை பெற்ற துணி, சீழ் வடிந்த துணி, செத்தவர்கள் கடைசியாகக் கிடந்த துணி எல்லாம் என் கையில்தான் வந்து விழும். அலசிப் போட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ரொட்டியும் சீஸும் தின்பேன். அப்படிப்பட்டவளை ஆம்புரோஸ் தாக்வெல் ஒரே மத்தியானத்தில் வாந்தியெடுக்க வைத்துவிட்டார்.

மாட்டு மருந்து விற்று ஊர் ஊராகத் திரிந்து, ஓய்வுபெற்று எங்கள் ஊருக்கு வந்தவர் அவர். பூஞ்சை உடம்பு, ஆட்டுத்தாடி, எந்நேரமும் ஈரமாகவே இருக்கும் கை. என் அம்மா டைனா படுத்த படுக்கையாய்க் கிடந்த கடைசி இரண்டு வருஷமும், செவ்வாய்க்கிழமை தவறாமல் டப்பாவில் அடைத்த பீச் பழத்தோடு வந்து நிற்பார். அம்மா அந்தக் காலத்தில் பச்சை இறைச்சியைத் தடவி மரு உதிர வைப்பாள். ஊரில் யார் செத்தாலும் குளிப்பாட்டி உடுத்துவதும் அவள்தான். அதையெல்லாம் துருவித் துருவிக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார்.

"இறைச்சியைத் தடவுறப்போ என்ன மந்திரம் சொல்வீங்க?"

"மந்திரமா? 'போய்த் தொலை சனியனே'ன்னு சொல்வேன், தம்பி. அப்புறம் அந்தத் துண்டை நாய்க்குப் போட்டுருவேன்."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். பொய் சொல்வானேன், எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. அவர் இருக்கும் ஒரு மணி நேரம் என்னால் கண்ணயர முடிந்தது. பிப்ரவரியில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்த மறுநாள் தாக்வெல் வந்து, "ஞாபகத்துக்கு ஏதாச்சும் கிடைக்குமா, ஹெஸ்டர்?" என்றார். எரித்துவிட வைத்திருந்த பெட்டியைக் காட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நானே கொடுத்தேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

சூனியம் வைப்பவர்களைத் தண்டிக்கும் பழைய சட்டத்தை அரசாங்கம் ரத்து செய்திருந்த சமயம் அது. இனிமேல் யாரும் சூனியக்காரர் என்று வெளியில் சொல்லிக்கொண்டாலும் ஜெயில் கிடையாது. அம்மா போய் இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு ஆலிவ் பத்திரிகையைக் கொண்டுவந்து என் மேசைமேல் போட்டாள்.

"ஏண்டி, உங்கம்மா காட்டுக்குள்ள அம்மணமா ஆடினாளாமே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நானும் கூடப் போயிருப்பேன்ல?"

அரைப்பக்கம் போட்டிருந்தார்கள். கிறிஸ்தவத்துக்கு முந்தின ஆதி மதம் ஒன்று இத்தனை நூற்றாண்டும் ரகசியமாகப் பிழைத்திருக்கிறதாம். அதன் கடைசிப் பூசாரி 'அன்னை டைனா' பௌர்ணமி வெளிச்சத்தில் பிறந்த மேனியாகத் தாக்வெலுக்குத் தீட்சை கொடுத்தாளாம். அவர் அதை உலகத்துக்குத் திறந்துவிட்டாராம். லண்டனிலும் லீட்ஸிலும் ஜனங்கள் வட்டம் வட்டமாகச் சேர்கிறார்களாம். என் அம்மா மெத்தடிஸ்ட் சபையில் ஞானஸ்நானம் பெற்றவள். படுக்கையில் கிடந்தபோதுகூட உள்பாவாடையைக் கழற்ற விடமாட்டாள். நான் அதற்குள் கையை விட்டுத்தான் துடைக்க வேண்டும்.

மறுநாள், பத்திரிகையில் போட்டிருந்த இடத்துக்குப் பஸ் பிடித்துப் போனேன். தாக்வெல் ஒரு பழைய மாவு மில்லை வாங்கி மியூசியம் ஆக்கியிருந்தார். வாசலில் மேவிஸ் என்ற பெண் நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். டீச்சராக இருந்தாளாம், முந்தின மாதம் ஒரு பத்திரிகையில் வட்டத்தோடு அவள் படம் வந்ததும் பள்ளிக்கூடத்தில் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அந்தப் படத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்தது யார் என்று கேட்டேன். "அய்யாதான் கொடுத்தாரு. மறைஞ்சு வாழ்றது பாவம்னு சொன்னாரு" என்று பெருமையாகச் சொன்னாள். நான் யாரென்று சொல்லவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மாவின் சீப்பு இருந்தது. பல்லுக்கு இடையில் அவளுடைய நரைமுடி அழுக்கோடு சுருண்டிருந்தது. பக்கத்தில், வெல்வெட் துணியின் மேல், ஒரு கயிறு.

"இது தீட்சைக் கயிறு" என்றாள் மேவிஸ், குரலைத் தாழ்த்தி. "ஒன்பது முடிச்சு, ஒன்பது நிலை. புதுசா சேர்றவங்க ஒவ்வொரு முடிச்சுலயும் முத்தம் கொடுத்துட்டுத்தான் வட்டத்துக்குள்ள வரணும். நான் கொடுத்தப்போ உடம்பே சிலிர்த்துப் போச்சுங்க."

அந்தக் கயிறு எனக்குத் தெரியும். முடிச்சுகளைப் போட்டதே நான்தான். கட்டில் கம்பியில் கட்டியிருந்தேன். அம்மா அதைப் பிடித்து இடுப்பைத் தூக்குவாள். நான் மலம் பிடிக்கும் பெட்பேனை அடியில் தள்ளுவேன். கை வழுக்கியதால் முடிச்சு. கடைசி நாலு மாதம் வயிறு நிற்கவே இல்லை. நான் துடைப்பதற்குள் அவள் கை அங்கே போகும். அதே கை திரும்பக் கயிற்றுக்கு வரும். முடிச்சுகள் கறுத்திருந்தது அதனால்தான். எப்படியும் எரிக்கப் போகிறோமே என்று துவைக்காமல் பெட்டியில் போட்டிருந்தேன்.

மேவிஸின் உதட்டைப் பார்த்தேன். வெளியே ஓடி, செந்தட்டிச் செடிகளின் பக்கத்தில் வாந்தியெடுத்தேன்.

நிமிர்ந்தபோது தாக்வெல் ஒரு டம்ளர் தண்ணீரோடு நின்றார். "ஹெஸ்டர்! நீ வருவேன்னு எனக்குத் தெரியும்மா."

"அது எங்கம்மா பெட்பேன் கயிறுய்யா!"

"தெரியும்" என்றார் அவர்.

"தெரிஞ்சேவா? தெரிஞ்சேவா அந்தப் பிள்ளைங்களை வாய் வைக்க விட்டீங்க?"

"கயிறு எதுவா இருந்தா என்ன? முத்தம் கொடுக்கிறப்போ அதுங்க கண்ணைப் பார்க்கணும் நீ. ஒரு மதம்னா அதுக்கு ஒரு தாய் வேணும். எனக்கு டைனா கிடைச்சா. கேட்டிருந்தா அவளே விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா."

அது உண்மைதான். சிரித்திருப்பாள். அதனால்தான் எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. அவரோ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நத்தை ஊர்வதுபோல் அந்த ஈரக் கட்டைவிரல் என் தோலைத் தடவியது.

"நீ அவ வயித்துல பொறந்தவ. பரம்பரை ரத்தம். ஒரு வெள்ளை அங்கியைப் போட்டுக்கிட்டு நடுவுல உட்காரு, போதும். ஒண்ணுமே பேச வேண்டாம்." அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தான் கட்டிய கதையை அவரே நம்பத் தொடங்கியிருந்தார்.

மேவிஸ் கதவருகே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நல்லாக் கேட்டுக்கிட்டியா, கண்ணு?" என்றேன். "வீட்டுக்குப் போ."

அவள் புறங்கையால் உதட்டை ஒருமுறை அழுத்தித் துடைத்தாள். பிறகு மெல்ல நடந்து அவர் பக்கம் போய் நின்றாள். "இது சோதனை, இல்லீங்களாய்யா? எங்க நம்பிக்கையைச் சோதிக்கிறீங்க."

தாக்வெல் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஆமாம்மா" என்றார், நாக்கூசாமல்.

அவள் மண்டியிட்டு என் கையை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். கொதிநீரிலிருந்து இழுப்பதுபோல் இரண்டு கையையும் இழுத்துக்கொண்டேன். உள்ளே போனேன். கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டில்லை. சீப்பையும் கயிற்றையும் எடுத்து மில் வாய்க்காலில் வீசினேன். யாரும் தடுக்கவில்லை. அடுத்த வாரமே அங்கே வேறொரு ஒன்பது முடிச்சுக் கயிறு வந்துவிட்டதாக ஆலிவ் சொன்னாள். அதுவாவது சுத்தமான கயிறு.

தாக்வெல் நாலு வருஷம் கழித்து நெஞ்சுச்சளியில் செத்தார். வட்டங்கள் சாகவில்லை. இப்போது அக்டோபர் கடைசியில், செத்தவர்கள் திரும்பி வரும் ராத்திரி என்று சொல்லிக்கொண்டு, அம்மாவின் கல்லறைக்கு ஆட்கள் வருகிறார்கள். முட்டை, தேன், ஒயின் எல்லாம் படைத்துவிட்டுப் போகிறார்கள். அழுகிய முட்டையைப் பொறுக்குவது என் வேலை. கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில் வேலைக்காரன் தொடமாட்டேன் என்கிறான்.

போன வருஷம் ஒரு பெண் அங்கே கல்லறைக் கல்லைச் சுற்றி ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். "அன்னை டைனாவை நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களா?" என்று ஆவலோடு கேட்டாள்.

"நான் அவ மக."

"அய்யோ! எப்படி இருப்பாங்க? சொல்லுங்களேன்!"

சொன்னேன். ரேடியோவில் குத்துச்சண்டை வந்தால் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்வாள். பூனையைக் கண்டால் செருப்பை எறிவாள். வெங்காய ஊறுகாயைச் சாறோடு குடிப்பாள். பிள்ளை செத்த வீடுகளுக்குக் குளிப்பாட்டப் போனால் காசு வாங்கமாட்டாள். திரும்பிவந்து இரண்டு நாள் யாரிடமும் பேசமாட்டாள்.

"ஓ" என்றாள் அவள். கொஞ்ச நேரம் நான் வேறு ஏதாவது சொல்வேனா என்று காத்திருந்தாள். பிறகு திரும்பிக்கொண்டு, ரிப்பனைக் கட்டத் தொடங்கினாள்.