கைதட்டு வாங்கிய ஒப்பாரி

ராஜம்மாளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆறு நாள் ஷூ கம்பெனியில் நின்றபடி பசை தடவும் உடம்பு, ஞாயிற்றுக்கிழமையாவது படுக்கக் கேட்டது. ஆனால் மேனேஜர் கோதண்டராமன் ஆம்பூரிலிருந்து ஐந்து பெண்களை வேனில் ஏற்றி வேலூர் மண்டபத்துக்குக் கொண்டுபோனார். ‘மரபு காக்கும் மகளிர்’ விழாவாம். ஒப்பாரி பாட வேண்டுமாம். ஐவருக்கும் ஒரே நிறப் புடவை.

பள்ளிகொண்டா தாண்டும்போது போன் வந்தது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா போய்விட்டாள். நாலு மணிக்கு எடுக்கிறார்கள்.

ராஜம்மாளின் புருஷன் செத்தபோது இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து அழுதவள் கன்னியம்மா. அவன் குடித்துவிட்டு அடித்ததையெல்லாம் ஒப்பாரியில் வைத்து, பங்காளிகள் தலைகுனியப் பாடினாள். மற்ற நாளில் வாய் திறக்க முடியாததைப் பெண்கள் சொல்வது பிணத்தின் தலைமாட்டில்தான். அழுதவளுக்குத் திருப்பி அழ வேண்டும், அதுவும் பிணம் எடுப்பதற்குள்.

“சார், எழவு வூட்டுக்குப் போவணும். பஸ் ஏத்தி வுட்டுடுங்க.”

“இன்னாம்மா பேஜார் பண்றே. முதலாளி வந்து உக்காந்துட்டாரு. நாளைக்கு வேலைக்கு வரணுமா வேணாமா?”

“எழவு இல்லாத எடத்துல ஒப்பாரி ஆவாதுன்னேன், கேக்கல. இப்ப எழவு வுழுந்துட்டுது, அங்க வுடமாட்டேன்றீங்க.”

“அத மனசுல வச்சிக்கிட்டே பாடு. நல்லா வரும்.”

முதலில் பேச்சு. பெண்கள்தான் பண்பாட்டின் கண்கள் என்று மூன்று ஆண்கள் மாறி மாறிப் பேசினார்கள். கண்களுக்கு ஒரு டீ கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மூன்றரைக்குத்தான் மேடைக்குக் கூப்பிட்டார்கள். ராஜம்மாள் மைக்கைப் பிடித்தாள்.

“வேனு வச்சி கூட்டியாந்தான், வெளிய போவ வுடமாட்டான்,
பொணம் அங்க காத்திருக்க, பொம்மையாட்டம் பாட வச்சான்…”

மண்டபம் கைதட்டியது. கோதண்டராமன் எல்லாருக்கும் முன்னால் தட்டினார். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒரிஜினல்” என்றார். இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள். பாடினாள். சால்வை போட்டார்கள்.

அவள் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை. வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரத்தில் சாமந்தி ஒட்டிக் கிடந்தது. கன்னியம்மாவின் மகள் ஹேமலதா நிமிர்ந்து பார்த்தாள்.

“அரை மணி நிறுத்தி வச்சோம் அத்தே. அதுக்கு மேல ஆம்பளைங்க நிக்கல. ஒரு பாட்டு இல்லாம போய்ட்டுது எங்கம்மா.”

ராஜம்மாள் வாயைத் திறந்தாள். எதிரில் பிணம் இல்லை.

கன்னியம்மாவுக்கு அவள் ஒரு ஒப்பாரி கடன்பட்டிருந்தாள்.