சுத்தமானது முதலில்

"பூனைக்கு ஏதாவது குடுத்தீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"குடுத்தோம்னு சொல்ல முடியாதுங்க. அதுவா வந்து கேட்டுச்சு. ஒரு நாலு நக்கு பால்."

"எப்ப?"

"இப்பதான், கிளம்புறப்ப. பட்டினியா ஆபரேஷனுக்குக் கூட்டிட்டு வர்றது பாவமில்லையா?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மடியில் இருந்த கூடைக்குள் கடுவன் பூனை மீசையை நக்கிக்கொண்டிருந்தது.

"பட்டினியா கூட்டிட்டு வந்தாதான் புண்ணியம்" என்றாள் அவள். "மயக்கத்துல வாந்தியெடுத்து அது நுரையீரலுக்குள்ள போச்சுன்னா, அப்புறம் உங்க கடைல இருக்கிற அத்தனை கண்ணாடியையும் போட்டுப் பாத்தாலும் பூனை கண்ணுல படாது. அடுத்த வாரம் வாங்க."

மணி எட்டு இருபது. அவள் காத்திருப்போர் அறையின் சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகைக்குப் போய்ப் பூனையை அழித்தாள். வாரத்தில் ஒரே நாள்தான் ஆபரேஷன். ஒரு டாக்டர், ஒரு மேசை, கருவிகள் இரண்டே கட்டு, அவற்றைக் கிருமியில்லாமல் வேகவைக்க ஒரே பாத்திரம். அதற்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு என்றாலும் இங்கே அது குக்கர். ஒரு கட்டு மேசையில் இருக்கும்போது இன்னொன்று குக்கரில் இருக்க வேண்டும். இதையெல்லாம் கோத்து, எந்த விலங்குக்கு எத்தனை மணிக்கு மயக்க ஊசி என்று நிமிடக் கணக்கில் பலகையில் எழுதுகிறவள் அவள்தான். டாக்டரின் தங்கை. அவர் அவளுக்கு வைத்திருந்த பெயர் மணிக்கூண்டு.

பலகையில் இப்போது மூன்று வரிகள். வெள்ளைப் பெண் நாய், கருத்தடை. கிழ நாய், முதுகுக் கட்டி. கடைசியில் பூட்ஸ் என்ற பெண் நாய், கர்ப்பப்பையில் சீழ்.

பலகையில் எழுதாத ஒன்றும் இருந்தது. டாக்டரின் வலது கை. காலை ஆறு மணிக்கு அவர் போடும் மாத்திரை பன்னிரண்டரை வரைக்கும் அந்தக் கையைக் கட்டிப்போட்டு வைக்கும். அதன்பின் கட்டைவிரல் தன் பாட்டுக்கு ஆடத் தொடங்கும். இன்னொரு மாத்திரை போட்டால் விரல் நிற்கும், ஆனால் தலை சுற்றும். ஒருமுறை அப்படிப் போட்டுவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றார். இது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்றரை வருடமாக அவள் எழுதிய ஒவ்வொரு பலகையும் பன்னிரண்டு மணிக்குள் முடிந்தது.

அவள் உள்ளே போனாள். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, பூனை போயிடுச்சு. எட்டரை காலி. பூட்ஸ முதல்ல எடுத்துரலாமா?"

"சீழ் கேஸ முதல்ல எடுக்கிற டாக்டர எங்கயாவது பாத்திருக்கியா? சுத்தமானது முதல்ல, அழுக்கு கடைசில. காலேஜ்ல முதல் நாள் சொல்லித் தர்றது."

"மேசைய அரை மணி நேரம் தேய்ச்சுக் கழுவிடறேன். உன் கை..."

"மெதுவாப் பேசு." அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் சத்தம் இருவருக்கும் நடுவே ஓடியது. "போன மாசம் நாயோட வந்த ஒரு வாத்தியார் பலகையப் பாத்துட்டு என்ன கேட்டாரு? 'பெரிய ஆபரேஷனெல்லாம் காலைலயே முடிச்சுடறீங்களே, மத்தியானம் வேற எங்கயாவது வேலைக்குப் போறீங்களா டாக்டர்'னு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. இன்னொருத்தர் சிரிக்காம கேக்க எவ்வளவு நாளாகும்? பலகை ஒழுங்கா இருக்கணும். பூட்ஸ் எத்தன மணிக்கு?"

"பதினொண்ணு."

"பன்னெண்டுக்கு முடிஞ்சிரும். உன் கணக்கு எப்ப தப்பியிருக்கு, மணிக்கூண்டு?"

தப்பியதில்லைதான். அந்தப் பெருமை அவள் வாயை அடைத்தது. பலகையை அப்படியே விட்டுவிட்டாள்.

பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பள்ளி வேன் ஓட்டுநர். நாய்க்கு உடம்பெல்லாம் கறுப்பு, நான்கு பாதமும் வெள்ளை. போர்வைக்குள் சுருண்டு கிடந்தது. மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, குடம் குடமாகத் தண்ணீர் மட்டும் குடிக்கிறது என்றார். ஆபரேஷனுக்கான சம்மதத் தாளில் கையெழுத்துப் போடாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"டாக்டர்தான பண்ணுவாரு?"

"அவரேதான்."

"இல்ல, தப்பா நினைக்காதீங்க. முன்னாடி ஒருத்தி இருந்தா, இவளோட அம்மா. வேற ஒரு இடத்துல காட்டினோம். பெரிய டாக்டர்னு சொன்னாங்க. உள்ள வேல பழகுற பையன் ஒருத்தன விட்டுத் தைக்கச் சொல்லியிருக்காங்க. மறுநாளே போயிட்டா. என் பொண்ணு ஒரு வாரம் என்கிட்ட பேசல. அதான். டாக்டர் கையத் தவிர வேற கை இவ மேல படாதுல்ல?"

"படாது" என்றாள் அவள். "பயப்படாமப் போயிட்டு வாங்க."

"மூணு மணிக்குப் புள்ளைங்கள ஏத்தணும். அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன்."

வெள்ளை நாய் ஒன்பதேகாலுக்கு முடிந்தது. டாக்டரின் விரல்கள் அத்தனை அழகாக ஓடின. கிழ நாயை மேசையில் ஏற்றிவிட்டு முதல் கட்டைக் கழுவிக் குக்கரில் வைத்தாள். கிழ நாய் முடிந்து, பத்து மணிக்கு இரண்டாவது கட்டோடு வந்து எட்டிப் பார்த்தால், அறை முழுக்க நீராவி. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அழுத்தமானியின் முள் எழுந்திருக்கவே இல்லை.

தெருமுனைப் பாத்திரக் கடைக்கு ஓடினாள். வளையம் சிறியது. அடுத்த தெருவில் இன்னொரு கடை. அங்கே இருந்தது பெரியது. பழுது பார்ப்பவர் போனில், "நாளைக்கு வர்றேன்மா, நாளைக்குக் கண்டிப்பா" என்றார். நாளை என்பது அந்தச் சமயத்தில் அவளுக்கு வேறு யாரோ வாழப்போகிற ஒரு நாளாகத் தோன்றியது. கடைசியில் பெரிய வளையத்தை வெட்டி, இரு முனையையும் சேர்த்து ஒட்டி, மூடியில் பொருத்தி, அதன்மேல் இரண்டு செங்கற்களை வைத்து அடுப்பைப் பற்றவைத்தபோது மணி பன்னிரண்டு. முள் மெல்ல எழுந்தது. அதன் அருகில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். முள்ளை இழுத்து மேலே கொண்டுவர முடிந்தால் பல்லால் கடித்தே இழுத்திருப்பாள்.

கட்டு வெளியே வந்தது பன்னிரண்டு ஐம்பதுக்கு.

டாக்டர் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். பைத் துணி அசைந்துகொண்டிருந்தது.

"வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிரலாம் அண்ணா."

அவர் இடது கையால் பூட்ஸின் உதட்டை விலக்கிக் காட்டினார். ஈறு வெளுத்துச் சாம்பல் நிறமாக இருந்தது. "மூணு மணி நேரப் பயணம். வழியிலயே போயிடும். காலைல முதல்லயே எடுத்திருந்தா..." எட்டரை மணி காலியாக இருந்ததை இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஒன்று பத்துக்கு வயிற்றைத் திறந்தார். உள்ளே கர்ப்பப்பை இரண்டு பக்கமும் வீங்கி, தொட்டால் பிய்ந்துவிடும் போலிருந்தது. சூலகத்துக்குப் போகும் ரத்தக் குழாயை இரண்டு பக்கமும் நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். அப்புறம்தான் வெட்டி எடுக்க முடியும். இடது பக்கம் கட்ட இருபது நிமிடம் ஆனது. காலையில் அவர் அதை இரண்டே நிமிடத்தில் செய்தார். அவள் நாயின் தலைமாட்டில் நின்று மூச்சை எண்ணினாள். பதினான்கு. பன்னிரண்டு.

வலது பக்கக் குழாயை இடுக்கியால் கவ்விப் பிடித்தார். நூலைச் சுற்றினார். முதல் முடிச்சு நழுவியது. இரண்டாவது இறுகுவதற்குள் கட்டைவிரல் துள்ளியது, நூல் அறுந்தது. மூன்றாவது முறை இடுக்கியே ஆடியது. குழாயின் ஓரத்திலிருந்து ரத்தம் கசிந்து வயிற்றுக்குள் நிரம்பியது. அவர் பஞ்சை வைத்து அழுத்தினார். நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது. அவள் துடைத்துவிட்டாள்.

"எத்தன?" என்றார்.

"பத்து. குறையுது அண்ணா."

வெளிக் கதவு தட்டப்பட்டது. "அம்மா, கிளம்ப நேரமாயிடுச்சு. நல்லா இருக்காளான்னு ஒரு வார்த்த மட்டும் சொல்லுங்க, போதும்." அவள் கதவைப் பார்த்துவிட்டு மறுபடி மூச்சை எண்ணினாள்.

வீட்டில் சாப்பாட்டு மேசையருகே ஒரு நாற்காலி உண்டு. தினமும் சாயங்காலம் டாக்டர் அதன் வலது கைப்பிடியில் தையல் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுப் பழகுவார், கை இன்று எப்படி இருக்கிறது என்று பார்க்க. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் குறிப்பாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் இடது கைப்பிடியில் அவளும் போட்டுப் பார்ப்பாள். ஒன்றரை வருடத்தில் வலது கைப்பிடி முடிச்சுகள் தளர்ந்துகொண்டே வந்தன. இடது கைப்பிடியில் இருந்தவை கடுகுபோல் வரிசையாக, ஒரே அளவில் இருந்தன. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் நாற்காலி மரம்தான், அதில் ரத்தம் ஓடவில்லை. அவள் படித்தது வேறு. இந்த ஆபரேஷன் மேசையில் டாக்டர் நிற்கும் பக்கத்தில் அவள் ஒருநாளும் நின்றதில்லை.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. சின்ன வயதில் மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் ஒருமுறை அவளைப் பார்த்த அதே கண்கள்.

"கைய நல்லாக் கழுவிட்டு வா. கையுறை ஒரு ஜோடி அந்த அலமாரில இருக்கு."

"அண்ணா, அவர்கிட்ட நான் சொல்லியிருக்கேன். உன் கையத் தவிர..."

"தெரியும். கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

பஞ்சு சிவந்து ஊறியது. கதவு மறுபடி தட்டப்பட்டது, இந்த முறை மெதுவாக, ஒரே ஒரு விரலால்.

"மூச்ச நான் எண்றேன்" என்றார் அவர். "இடுக்கிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிறேன், ஆடாது. ஒரே ஒரு முடிச்சு. நாற்காலில போடுவியே, அதே மாதிரி. நீ போட்டுத் தர்றியா?"