சொர்ணலட்சுமி ஏறினால் பறக்கும் கார்

சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த சீனிவாசகம், 1958-ல் ஒரு ஜமீன் ஏலத்தில் பழைய சீமைக் கார் ஒன்றை எடுத்தார். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊதும் ப்ளோயர் வைத்த கார். ப்ளோயர் ஊதினால் குதிரை என்றார்கள். எப்போது ஊதும் என்று யாரும் சொல்லவில்லை.

திடீரென்று இரண்டு பர்லாங் பறக்கும். பிறகு மாட்டுவண்டிக்கு வழிவிட்டு ஊரும். விருதுநகர் மெக்கானிக் ஜெயச்சந்திரன் ப்ளக்குகளை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பெட்ரோல் டேங்கைக் காலி செய்து பார்த்தார். பட்டறையில் நிற்கும்போது நன்றாக உறுமிய இன்ஜின் ரோட்டில் ஏறியதும் இளைத்தது.

"வண்டிக்கு மனசுல என்னமோ கவலை, அண்ணாச்சி" என்றார் கடைசியில்.

சீனிவாசகத்தின் அக்கா சொர்ணலட்சுமி கணவனை இழந்து தம்பி வீட்டில் இருந்தாள். தம்பி கிளம்பும் நேரத்தில் எதிரே வந்துவிடக் கூடாதென்று அடுப்படியிலேயே நின்றுகொள்வாள். ஒரு நாள் பல்வலி பொறுக்காமல் விருதுநகர் டாக்டரிடம் போக வேண்டியதாயிற்று. பின் சீட்டில் தம்பியும் வண்ணத்தாள் கட்டுகளும் இருந்ததால், அவளை டிரைவர் ராக்கப்பன் பக்கத்தில் உட்கார்த்தினார்கள். பயத்தில் இரண்டு கால்களையும் எதிரே இருந்த தகரத்தில் ஊன்றிக்கொண்டு கண்ணை மூடினாள். கார் பறந்தது. திரும்பும்போதும் பறந்தது. மறுநாள் அவள் இல்லாமல் போனபோது ஊர்ந்தது.

"எல்லாம் அக்கா ராசி" என்றார் சீனிவாசகம்.

"போன வாரம் வரைக்கும் எம் ராசி வேற மாதிரில்ல இருந்துச்சு" என்றாள் சொர்ணலட்சுமி.

அதன்பின் அவள் இல்லாமல் கார் கிளம்பவில்லை. பக்கத்துத் தெரு லாரிக்காரர் மாலையோடு வந்துவிட்டார். "லோடு ஏத்தியாச்சு தாயி. சும்மா ஒரு நிமிசம் உக்காந்துட்டு எறங்குங்க, போதும்."

ஒரு நாள் ஆமத்தூர்ப் பக்கம் கால் மரத்துப்போய் மடக்கினாள். கார் சுணங்கியது. மறுபடி ஊன்றினாள். பாய்ந்தது. இன்னொரு தடவை மடக்கிப் பார்த்தாள். சுணங்கியது. யாரிடமும் சொல்லவில்லை.

அதிலிருந்து ஆமத்தூரில் அவள் சேக்காளி கருப்பம்மாள் வீட்டு வாசலில் கார் தவறாமல் சோர்ந்து நின்றது. இன்ஜின் ஆறும் வரை எல்லாரும் மோர் குடித்தார்கள். சீனிவாசகம் தன் பதினாறு வயது மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தாயில்பட்டிக்குக் கிளம்பிய அன்று, வழி முழுக்க நொண்டியது. நல்ல நேரம் பாதி ரோட்டிலேயே கழிந்தது.

"வண்டிக்கே பிடிக்கல. திருப்புலே" என்று ராக்கப்பனிடம் சொன்னார். அந்தச் சம்பந்தத்தை அதோடு விட்டுவிட்டார்.

அம்மன் கோவில் பங்குனிப் பொங்கலுக்கு முன்னால் காரைப் பட்டறையில் சும்மா கழுவ விட்டபோது, முன்பக்கத் தகரம் இரண்டு பாதங்கள் பதிந்த மாதிரி குழிந்திருப்பதை ஜெயச்சந்திரன் பார்த்தார். தகரத்தைக் கழற்றினார். பின்னால் ப்ளோயரிலிருந்து காற்று போகும் குழாயின் ரப்பர் கிழிந்திருந்தது. கால் அழுத்தினால் கிழிசல் மூடியது. எடுத்தால் காற்றெல்லாம் வெளியே போனது. புது ரப்பர் போட்டு, குழிந்த தகரத்தையும் காட்டி, "இனிமே யார் ஏறுனாலும் ஓடும், அண்ணாச்சி" என்று சாவியைக் கொடுத்தார்.

சீனிவாசகம் வீட்டுக்கு வந்து அக்காவின் காலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஆமத்தூர்ல நின்னது?"

"கருப்பம்மா வீட்டு மோரு உனக்கும் பிடிச்சுதான இருந்துச்சு."

"தாயில்பட்டி?"

"அந்தப் பய சீட்டாடுவான்னு உங்கிட்ட எம்புட்டோ சொன்னேன். நீ கேட்டியா? வண்டி சொன்னாத்தான கேக்க."

சீனிவாசகம் கோபப்படலாமா என்று யோசித்துப் பார்த்தார். மகள் கதவோரம் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் கோபம் வரவில்லை.

மறுநாள் காலையில் அவர் வெளியே வந்தபோது சொர்ணலட்சுமி முன் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சீனிவாசகம் பின் கதவைத் திறந்து, தாள் கட்டுகளை ஒதுக்கிவிட்டு ஏறிக்கொண்டார்.