பட்டினிப் பாத்தி

ஆராய்ச்சிப் பண்ணையில் தலைதட்டி அக்கா என்றால்தான் அவளைத் தெரியும். உரக் கொட்டகையில் உரம் அளந்து கொடுப்பது அவள் வேலை. டப்பாவில் யூரியாவை அள்ளியதும், மேலே குவிந்திருப்பதைக் குச்சியால் வழித்துத் தள்ளிவிட்டுத்தான் நீட்டுவாள். ஒரு குருணை கூடாது, குறையாது. பேச்சுக்கு மட்டும் அந்த அளவெல்லாம் கிடையாது.

அந்த வருடம் கோதுமைச் சோதனையை உரக் கொட்டகைக்கு எதிரிலேயே போட்டுவிட்டார்கள். முதல் பாத்திக்கு ரசாயன உரம், இரண்டாவதற்கு மக்கிய சாணம், மூன்றாவதற்கு இரண்டும் பாதிப் பாதி. நாலாவதற்கு ஒன்றுமே கிடையாது. உரம் எவ்வளவு தூரம் உதவுகிறது என்று தெரிய, எதுவும் போடாத ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டுமாம். ஆராய்ச்சியாளர் பொறுமையாக விளக்கினார், அவளும் தலையாட்டினாள். தலை ஆடியதே தவிர மனசு ஒப்பவில்லை. அதற்குப் பட்டினிப் பாத்தி என்று பெயரும் வைத்துவிட்டாள்.

மற்ற சோதனைகள் எங்கோ கண்காணாத மூலையில் இருந்தன. இது நிமிர்ந்தால் கண்ணில் பட்டது. முதல் தண்ணீர் பாய்ச்சிய கொஞ்ச நாளில் அதன் அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன. மூன்றாவது பாத்தி கரும்பச்சையாகக் கொழுத்து நிற்க, நாலு பேர் சாப்பிடும் இடத்தில் இதற்கு மட்டும் தட்டு வைக்காததுபோல் இருந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மிஞ்சிய சாணத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினாள். சாக்கின் அடியில் கிடந்த யூரியாவையும் தூவினாள். இன்னொரு நாளும் அதையே செய்தாள்.

அறுவடையில் நாலாவது, மூன்றாவதற்குச் சமமாக எடை காட்டியது. ஆராய்ச்சியாளர் மூட்டையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். அக்காவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. நோஞ்சான் பிள்ளை ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த மாதிரி ஒரு பெருமை.

"இந்த மண்ணுக்கு உரமே தேவையில்ல போலிருக்கு" என்றார் அவர். "எனக்கே நம்ப முடியல. ஆனா தராசு சொல்றதத்தானே நாளைக்கு விவசாயிங்க கூட்டத்துல சொல்ல முடியும்."

அக்காவின் பெருமை வடிந்துவிட்டது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் அவர் பேச்சைத் தட்டாதவர்கள். அத்தனை பேரும் வீட்டுக்குப் போய் வயல் முழுவதையும் பட்டினி போடுவார்கள். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். பாத்தியின் அடையாளக் குச்சியைப் பிடுங்கி இடம் மாற்றி நட்ட ஒருவனை அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பியவர்கள்தானே. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"சார், நாலாவதுக்கு நான் போட்டேன்."

"என்ன போட்டீங்க?"

"ரெண்டும்தான். சாணக் கரைசல் நாலு வாளி. யூரியா ஒரு டப்பா, ரெண்டு தடவை." கொஞ்சம் நிறுத்தி, "தலைதட்டித்தான் போட்டேன்" என்றாள்.

அவர் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு பருவத்து உழைப்பு முழுக்க மண்ணாகப் போயிற்று என்று கத்தினார். கோபம் தணிந்ததும், அடுத்த பருவம் எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டும், நாலாவதற்கு அவள்தான் காவல் என்றார். திருட்டுத்தனத்துக்குக்கூட அளவு சொல்கிற ஆளை எப்படி அனுப்புவது என்று நினைத்தாரோ என்னவோ.

அடுத்த பருவமும் நாலாவதில் இலை மஞ்சளானது. தினமும் அருகிலேயே காவல் நின்றாலும் அவள் அதைத் தொடவில்லை. ஒருநாள் காலி டப்பாவோடு அதைக் கடக்கும்போது அழுகை வந்துவிட்டது. அறுவடையில் அது மூன்றாவதில் பாதிகூடத் தேறவில்லை. அந்த எடையை அவளே உரக்கப் படித்தாள், அவர் எழுதிக்கொண்டார்.

"இதோட சோதனை முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுது."

அவள் கொட்டகைக்குள் போய்க் கூடை நிறையச் சாணமும் டப்பா நிறைய யூரியாவும் கொண்டுவந்து, அறுத்த தாள் நிற்கும் நாலாவது பாத்தியில் கொட்டினாள். கொண்டுவரும்போதே டப்பாவில் யூரியா குவிந்திருந்தது. அன்றைக்கு மட்டும் அவள் தலைதட்டவில்லை.