பெஞ்சுக்காரர் கோச் ஆன கதை

1

முடிவெட்டும் கடைச் சுவரில் ஊர்க் கால்பந்து அணியின் பழைய குழுப்படம் ஒன்று மாட்டியிருந்தது. நடுவில் கோப்பையைத் தூக்கிப் பிடித்தபடி ராக்கெட், ஊருக்கே செல்லப்பிள்ளை. ஓரத்தில் நின்றவருக்குப் பாதி முகம்தான் இருந்தது. "ஃப்ரேம் சின்னது சார், அந்தாளை மடிச்சு உள்ள தள்ளிட்டேன்" என்றார் கடைக்காரர், கூச்சமே இல்லாமல். எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது அங்கேதான்.

2

நான் எழுதிய முதல் வரி: 'காயம் மட்டும் படாமல் இருந்திருந்தால் அவர்...' (அடித்துவிட்டேன். அவருக்குக் காயமே பட்டதில்லை. ஆடினால்தானே படும்!)

இன்னொரு வரி: 'யாரும் அறியாத அந்த மாமேதை...' (வேண்டாம். நீங்கள் கொட்டாவி விடுவது இங்கே கேட்கிறது.)

சரி, உள்ளதைச் சொல்கிறேன். அந்தப் பாதி முகக்காரர், ஆடிய காலமெல்லாம் மாற்று ஆட்டக்காரராகப் பெஞ்சில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவர். இப்போது அதே கிளப்புக்குக் கோச். இன்று இறுதி ஆட்டம். காலையிலேயே கிளப் தலைவர் சொல்லிவிட்டார்: "தோத்தா நாளைக்கு உங்க இடத்துல ராக்கெட். ஜனங்க அவரைத்தான் கேக்குறாங்க. தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம்?

3

இவருக்கு ஒரு பழக்கம். இவர் அணியில் பெஞ்சில் யாரும் சும்மா உட்காரக் கூடாது. ஆளுக்கு ஓர் எதிரணிக்காரரைப் பிரித்துக் கொடுத்துவிடுவார். "பந்தை ஊரே பாக்குது. நீ உன் ஆளைப் பாரு."

ஆட்டம் முடியப்போகிறது. இன்னும் சமநிலைதான். 'எலி' என்று எல்லோரும் கூப்பிடும் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து ஓடிவந்தார்.

"சார், அவங்க இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன் தொடையத் தொடையப் பிடிச்சு விட்டுக்கிறான். பந்து அந்தப் பக்கம் போனாலும் ஓட மாட்டேங்குறான்."

"நிஜமாவா?"

"அவன் என் ஆள் சார். எனக்குத் தெரியாதா?"

"அப்ப அவன் பக்கமே போய் ஓடு."

எலிக்காக வெளியே கூப்பிட்டது யாரை என்கிறீர்கள்? ரசிகர்கள் உயிரையே விடும் முன்கள வீரரை! அரங்கம் கொதித்தது. "ராக்கெட்டைக் கூப்பிடுங்கடா!" கோச் எலியின் முதுகில் தட்டி உள்ளே அனுப்பினார். (எனக்குத்தான் பொறுக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.)

4

தோற்கிற முடிவு ஒன்றும் எழுதி வைத்திருந்தேன். அதுதான் இலக்கியத்தரம் என்பார்கள். போகட்டும், கிழித்துப் போட்டாச்சு.

எலி வலப்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு ஓடினார். அந்தத் தடுப்பாட்டக்காரரால் துரத்த முடியவில்லை. பந்து வலைக்குள்! கோல்! ஐயோ, கோல்! கோச் குதித்த குதியில் தண்ணீர் பாட்டில்கள் மைதானம் வரை உருண்டன. சந்தோஷத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

விசில் ஊதியதும் ராக்கெட்டே பார்வையாளர் வரிசையிலிருந்து இறங்கி ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

"எப்படிடா கண்டுபிடிச்சே?"

"நான் எங்கடா கண்டுபிடிச்சேன்? அவன் சொன்னான்."

"உன் வேலை எனக்கு வேண்டாம்டா சாமி. நான் பந்தைத் தவிர எதையும் பாத்ததே இல்ல."

5

தலைவர் வந்தார், வாயெல்லாம் பல். பின்னாலேயே மைக்குகள், காமிராக்கள். "கேளுங்க சார், உங்களுக்கு என்ன வேணும்?"

கோச் வாயைத் திறக்கிறார். 'எனக்கு...'

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவருக்கு என்ன வேண்டும் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. மீதியை நீங்கள் எழுதுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: இன்றைக்கு அவரிடம் 'இல்லை' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பார்த்து, குறைத்துக் கேட்டுவிடாதீர்கள்.