இன்னும் விழாத தொப்பி

அயர்லாந்துத் திருச்சபையின் ஆயிரத்தைந்நூறு ஆண்டு வரலாற்றில், ஒரு கார்டினலை மோட்சத்துக்குப் போகவிடாமல் தடுப்பதற்காகச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பேராலயத்தில், இறந்துபோன கார்டினல்களின் சிவப்புத் தொப்பிகள் கூரையிலிருந்து தொங்குகின்றன. அகன்ற விளிம்பு, பக்கத்துக்குப் பதினைந்தாக முப்பது குஞ்சங்கள். போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் குதிரைகூட மிரளும். தொப்பி இற்றுப்போய்த் தானாகக் கீழே விழுகிற நாளில்தான் அதன் சொந்தக்காரர் மோட்சம் சேர்வார் என்பது ஊர் நம்பிக்கை. டப்ளின் பேராயருக்கு ‘அயர்லாந்தின் முதன்மை ஆயர்’ என்று பட்டம். கார்டினலாகும் எங்கள் ஊர்ப் பேராயருக்கோ ‘அயர்லாந்து முழுவதற்கும் முதன்மை ஆயர்’. அந்த ‘முழுவதற்கும்’ என்ற ஒரு சொல்லுக்காக இரண்டு தரப்பும் நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டியிருக்கின்றன. அப்பேர்ப்பட்டவர்களைக் கடைசியில் ஓர் அந்துப்பூச்சியின் பசிக்குக் காத்துக் கிடக்க வைத்துவிட்டார்கள். கல்லூரிப் பத்திரிகையில் இதைத்தான் எழுதினேன்: மோட்சத்தின் சாவி பேதுருவிடம் இல்லை, பூச்சியிடம் இருக்கிறது. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

போன கோடையில், கார்டினல் டெவனியின் தொப்பியைச் செப்பனிட பெல்ஃபாஸ்டிலிருந்து பிரோனா வந்தார். பழந்துணிகளைக் காப்பாற்றுவது அவர் தொழில். ஊசி கோத்துக் கொடுக்கவும் தைக்கவும் என்னைச் சேர்த்துக்கொண்டார். பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில், மேசைமேல், செத்த பறவை போலத் தொப்பி மல்லாந்து கிடந்தது. டெவனி அதை அணிந்தது ஒரே ஒரு முறை, ரோமில், சில நொடிகள். அவர் இறந்த பிறகு, நாற்பத்தேழு வருடமாக அது அவர் கல்லறைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள், பத்து மணிப் பூசை முடிந்ததும், மிஸ் லாவெரி உள்ளே வந்தார். டெவனியின் வீட்டில் பதினோரு வருடம் சமையலும் வீட்டு வேலையும் பார்த்தவர். தினமும் அண்ணாந்து தொப்பியைப் பார்த்துப் பார்த்துக் கழுத்தெலும்பு தேய்ந்து, வைத்தியர் பட்டை போட்டுவிட்டிருந்தார்.

“விழுந்துருச்சா மகனே?”

“இல்ல மிஸ் லாவெரி. ஏணி வச்சு இறக்குனோம்.”

“அப்ப அது கணக்குல சேராதா?”

“ஏணியெல்லாம் அங்க செல்லாதுன்னு நெனக்கிறேன்.”

பிரோனா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டார். “கவலையே படாதீங்க. வலை வச்சுத் தைச்சிட்டா இன்னும் நூறு வருஷத்துக்கு அசையாது.”

“நூறா?”

மிஸ் லாவெரி முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். நல்ல செய்தி சொன்னதாக நினைத்த பிரோனா என்னைப் பார்த்தார்.

“அவருக்கென்ன,” என்றேன். “முழு அயர்லாந்துக்கும் தலைவரு. அங்கயும் வரிசைல முன்னாடிதான் நிப்பாரு.”

“வரிசைல நிக்கத் தெரியாதுடா அந்த மனுசனுக்கு. முட்டை ஒரு நிமிசம் கூட வெந்துட்டா மணி அடிப்பாரு.” சிரித்தார். கழுத்துப் பட்டை அந்தச் சிரிப்பைப் பாதியில் நிறுத்தியது. “நான் அநாதை இல்லத்துல வளந்தவ. அங்க நம்பர்தான். நான் முப்பத்தொண்ணு. இவரு வீட்டுக்கு வந்த அன்னைக்கு, ‘உன் பேரு என்னம்மா?’ன்னாரு. சட்டுனு வாய்க்கு வரல. நின்னு யோசிச்சுல்ல சொன்னேன்! ‘டிம்ப்னா’ன்னு. சாகுற வரைக்கும் அப்பிடித்தான் கூப்பிட்டாரு.”

மிஸ் லாவெரி தொப்பியின் குஞ்சம் ஒன்றை நீவிவிட்டார்.

“எனக்கு எழுபத்தாறு ஆச்சு. நான் போய்ச் சேர்றப்ப அவரு அங்க இருக்கணும்ல? வேற யாரு இருக்கா எனக்கு? கதவத் தொறந்து, ‘யாரு நீ?’ன்னு கேட்டா நான் என்ன சொல்ல?”

இதற்கு என்னிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. எப்போதும் இருக்கும். அன்று அவர் கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.

அவர் போனதும் பிரோனா கையைத் துடைத்துக்கொண்டார். “பாவமா இருக்கு. ஆனா வேலை வேலைதான். லோர்கன், தொங்கவிடுற கயிறு கோக்குற எடத்துல இருபது தையல். ஒவ்வொண்ணுக்கும் ரெட்டை முடிச்சு. நான் சாப்ட்டுட்டு வந்துர்றேன்.”

இருபதையும் தைத்தேன். என் கைவேலை இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. ரெட்டை முடிச்சு, மேலே மெல்லிய வலை. வெட்டிக் கொத்தினாலும் வராது. கதவைப் பார்த்தேன். பிறகு வலையை ஓரமாக விலக்கி, முதல் முடிச்சில் ஊசிமுனையை விட்டு நெம்பினேன். நெகிழ்ந்து கொடுத்தது. அடுத்தது. அதற்கடுத்தது. பதினொன்றோடு நிறுத்திக்கொண்டேன். மீதி ஒன்பதும் ஓரிரண்டு வருடம் தாங்கும். அதற்குமேல் தாங்க வேண்டியதில்லை.

வலையை மூடுவதற்கு முன், யாரும் வரவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, தொப்பியின் குழிக்குள் குனிந்தேன். பழைய கம்பளி வாசனை.

“பேரு டிம்ப்னா,” என்றேன். “மறந்துறாதீங்க.”

அவிழ்ந்த பட்டுநூலின் நுனி ஒன்று என் மூச்சில் மெல்ல ஆடியது.