சிவப்பு வடிந்த வீடு

2016 மார்ச் மூன்றாம் திகதி, வியாழக்கிழமை, பென்டில் ஹில் புறநகரில், இலங்கையிலிருந்து வந்து குடியேறிய சிறிதரனின் வீட்டுக் கராஜில் தொங்கிய பழைய உலகப்படத்திலிருந்து பிரித்தானியப் பேரரசு இறங்கி வீட்டுக்குள் வந்தது. படம், வீட்டை விற்றவர்கள் விட்டுப்போனது. அதில் முதலில் இலங்கை வெளுத்தது, பிறகு இந்தியா. பேரரசின் நாடுகளுக்குப் படத்தில் பூசியிருந்த அந்தச் சிவப்பு நிதானமாகச் சுவரேறி வெள்ளிக்கிழமை குசினியையும், ஈஸ்டருக்குள் ஹோலையும் பிடித்தது. மேலே பூசிய வெள்ளைப் பெயின்ட் மூன்று நாளில் சிவந்தது.

ரயில்வேயில் சிக்னல் திருத்தும் சிறிதரனும், முதியோர் இல்லத்தில் தாதியான மனைவி யோகராணியும் அதுவரை ஒருவரையொருவர் சந்தேகித்ததில்லை. இப்போது ஹோல் கதவு சிறிதரனுக்கு மட்டும் திறந்தது. குசினிக் குழாய் யோகராணியின் கைக்கு மட்டும் தண்ணீர் விட்டது.

“நீர் ஏதும் எழுதிக் குடுத்தனீரோ?” என்று வெறுங்கோப்பையோடு நின்ற சிறிதரன் கேட்டார்.

“கதவு உங்களுக்குத்தானே திறக்குது. நீங்கள் என்னத்தில கையெழுத்து வைச்சனீங்கள்?”

அதன் பிறகு அவள் போட்ட தேநீரை அவர் முகர்ந்து பார்த்தே குடித்தார். ஒரு பின்னேரம் அவர் சுவரோடு தணிந்த குரலில் கதைப்பதை அவள் கண்டாள். தன் பெயர் காதில் விழுந்தது. மறுநாள் அவளும் போய்ச் சுவரோடு கதைத்தாள். சனிக்குள் சலவையறை சிவந்தது.

2019இல் குழாய் திருத்த வந்தவர் தருக் இனத்தவர், அந்த மண்ணின் ஆதிக்குடி. சுவரைத் தொட்டுப் பார்த்தார், வியக்கவில்லை. இந்தச் சிவப்பு தங்கள் பக்கம் வந்து இருநூற்றிச் சொச்சம் வருடமாகிறது, இன்னும் வடியவில்லை என்று சொல்லிவிட்டுத் தன் வேனில் ஏறிப் போனார்.

சிறிதரன் வீட்டில் அந்தச் சிவப்பு 2022இல் களைத்தது. சலவையறையை விட்டது, ஹோலை விட்டது. விட்ட சுவர்களில் வெடிப்பு இருந்தது. கடைசிக் காலை, யாரையும் கேளாமல், படுக்கையறையின் குறுக்கே, கட்டிலுக்கும் மேலாக ஒரு நேர்கோடு கிழித்துவிட்டுப் படத்துக்குள் போய் நாலைந்து சிறு தீவுகளில் அடங்கிக்கொண்டது. விரிப்பை மாற்றினார்கள், கோடு புது விரிப்பிலும் வந்தது.

பத்து நாள் அவரவர் பக்கத்திலேயே படுத்தார்கள். பதினோராம் நாள், ஞாயிறு மத்தியானம், யோகராணி தன் காலைக் கோட்டுக்கு அப்பால் நீட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. சிறிதரன் காலை விலக்கச் சொல்லவில்லை. எதற்காக வைத்தாள் என்று யோசித்தபடி, அவள் நித்திரையாகும் வரை அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.